நூற்றி எண்பது ரூபாய் கண்டன்சருக்காக நான் அலைந்த ஏழு வாரம்

பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு துணி காயப்போட இடமில்லை என்று ஒருத்தி புலம்பினால் கேட்பவர்களுக்குச் சிரிப்புதான் வரும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தில் துணி வெளுப்பவர்கள் குடியிருந்ததால்தான் இந்த ஊருக்கே இந்தப் பெயர். ஆனால் நிலவரம் அதுதான். எங்கள் மொட்டை மாடியில் பாதியைத் தண்ணீர்த் தொட்டிகள் பிடித்துக்கொண்டன, மீதிப் பாதியை நான்கு குடித்தனம் பங்கு போட்டுக்கொள்கிறோம். அந்தக் காலத்தில் கொடியில் போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலம் எடுக்கும்போது கரிப்பொடி படிந்து சாம்பல் நிறத்தில் இருக்கும் என்று மாமியார் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார். 2011இல் உயர் நீதிமன்றம் சொல்லித் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்ற பிறகு அந்தத் தொல்லை குறைந்தது, ஆனால் ரோட்டுப் புழுதி குறையவில்லை, ஐப்பசி கார்த்திகை மழையும் நிற்கவில்லை. அதனால் 2012இல் ஐந்தரை கிலோ டிரையர் ஒன்று வாங்கினோம். காற்றைச் சூடாக்கி, துணியைச் சுற்றவிட்டு, ஈரக் காற்றைப் பின்னால் குழாய் வழியாக வெளியே தள்ளும் சாதாரண மாடல். மாடிப்படி முடியும் இடத்தில் ஷீட் போட்ட சின்ன அறையில் அதை வைத்தோம். பன்னிரண்டு வருடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் உழைத்தது.

இரண்டு வருடமாக மாமனார் படுத்த படுக்கை. ஒரு நாளைக்கு இரண்டு பெட்ஷீட், சில நாள் மூன்று, அப்புறம் துண்டு, லுங்கி, அடியில் விரிக்கும் பழம்புடவை. வீட்டுக்காரர் கப்பலில் வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். பெண் பத்தாம் வகுப்பு. நான் காலையில் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்குக் கணக்கு எழுதப் போய் மதியம் மூன்று மணிக்குத் திரும்புவேன். இதைச் சொல்வது பரிதாபத்துக்காக அல்ல. டிரையர் நின்றால் எனக்கு என்ன ஆகும் என்று தெரிந்தால்தான் நான் செய்த முட்டாள்தனங்கள் புரியும்.

2024 அக்டோபர் நடுவில் சென்னை முழுக்கக் கொட்டித் தீர்த்ததே, அந்த வாரம்தான் முதல் தடவை. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினேன், லைட் எரிந்தது, ஆனால் ட்ரம் சுற்றவில்லை. உள்ளே இருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் மட்டும். பத்து விநாடி முனகிவிட்டு அடங்கியது. பயந்துபோய் ஆஃப் செய்து, கதவைத் திறந்து துணியைக் கொஞ்சம் எடுத்துவிட்டு மறுபடி போட்டால் சுற்ற ஆரம்பித்தது. சரி, துணி அதிகம் போட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே முனகல். இந்த முறை பாதித் துணிக்கே.

அப்புறம் நானே ஒரு வித்தை கண்டுபிடித்தேன். கதவைத் திறந்து வலது கையால் ட்ரம்மை வேகமாகச் சுற்றிவிட்டு, அது ஓய்வதற்குள் முழங்காலால் கதவை மோதி மூடி, இடது கையால் பொத்தானை அழுத்த வேண்டும். சரியான நேரத்தில் அழுத்திவிட்டால் முனகல் இல்லாமல் அப்படியே பிடித்துக்கொண்டு ஓடும். நாலைந்து நாளில் இதில் எனக்கு நல்ல தேர்ச்சி வந்துவிட்டது, பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைகூடப் பட்டேன். ஒரே தொல்லை, இந்த மெஷின் சில நிமிடத்துக்கு ஒருமுறை நின்று எதிர்த்திசையில் சுற்றும், துணி கயிறாக முறுக்கிக்கொள்ளாமல் இருப்பதற்காக. அதாவது ஒரே ஓட்டத்தில் மோட்டார் பல தடவை புதிதாக ஸ்டார்ட் ஆக வேண்டும். ஒவ்வொரு தடவையும் முனகும், ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து போய்க் கையால் சுற்றிவிட வேண்டும். பிளாஸ்டிக் ஸ்டூலைப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு, மடியில் கடைக் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு, 'ம்ம்ம்' கேட்டதும் எழுந்து ஓடுவேன். சில சமயம் கீழே மாமனார் கூப்பிடுவார், போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் மெஷின் ஐந்து நிமிடம் முனகி, தானே அடங்கிக் கிடக்கும். தொட்டால் சுடும். அரை மணி நேரம் விட்டுவிட்டுப் போட்டால் மறுபடி ஓடும். ஆறவிட்டால் சரியாகிவிடுகிறது, பெரிய பழுது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான் பண்ணியதிலேயே பெரிய தப்பு இதுதான்.

பின்னால் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் வரும் ஒற்றை ஃபேஸ் கரண்டில் இந்த மாதிரி மோட்டாரால் தானாக முதல் சுற்றைச் சுற்ற முடியாது. மோட்டாருக்குள் இருக்கும் இரண்டாவது காயிலுக்கு, அதாவது கம்பிச் சுற்றுக்கு, கரண்டைக் கொஞ்சம் முன்பின்னாக மாற்றி அனுப்ப ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், மெக்கானிக்குகள் கண்டன்சர் என்பார்கள். சீலிங் ஃபேனில் இருப்பதும் இதே சங்கதிதான், ஃபேன் மெதுவாகிப்போனால் மாற்றுவோமே அது. கண்டன்சர் பலவீனமானால் மோட்டாருக்குக் கரண்ட் போகும், ஆனால் எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் முனகிக்கொண்டு நிற்கும். கையால் ஒரு தள்ளு தள்ளினால் அந்தப் பக்கமே ஓடிவிடும். ஆக, நான் வித்தை என்று பெருமைப்பட்டதே இந்த நோயின் அடையாளம். தள்ளினால் ஓடுகிறது என்பதை யாராவது ஒரு மெக்கானிக்கிடம் ஃபோனிலேயே சொல்லியிருந்தால், அதுவும் நல்ல மெக்கானிக்காக இருந்திருந்தால், அன்றைக்கே முடிந்திருக்கும். இன்னொன்று, மோட்டார் சுற்றாமல் முனகி நிற்கும்போது, ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். எல்லாம் சூடாகப் போகும். உள்ளே சூடு ஏறினால் கரண்டைத் துண்டிக்கும் ஒரு சின்னப் பாதுகாப்பு இருக்கிறது, ஆறினால் தானே சேர்ந்துகொள்ளும். அரை மணி கழித்து மறுபடி ஓடிய ரகசியம் அதுதான். மெஷின் உடம்பு தேறி எழுந்து வரவில்லை, ஒவ்வொரு தடவையும் மயங்கி விழுந்து எழுந்து வந்திருக்கிறது.

மூன்று வாரம் இப்படி ஓட்டினேன். நவம்பர் முதல் வாரம் பெண் சொன்னாள், "அம்மா, பரீட்சை நேரத்துல இந்தச் சத்தம் தாங்கல." அன்று ராத்திரி ஃபோனில் கம்பெனி பெயரையும் கஸ்டமர் கேர் என்பதையும் போட்டுத் தேடி, முதலில் வந்த நம்பருக்கு அடித்தேன். மறுநாளே ஆள் வந்தார். அது கம்பெனி நம்பரே அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. கம்பெனியின் நிஜமான நம்பர் மெஷினின் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில், பன்னிரண்டு வருடமாக என் மூக்குக்கு நேரே இருந்திருக்கிறது. தயவுசெய்து தேடலில் முதலில் வரும் நம்பரை நம்பாதீர்கள், ஸ்டிக்கரையோ வாங்கிய பில்லையோ பாருங்கள். வந்தவர் பிளக்கைச் செருகினார், பொத்தானை அழுத்தினார், முனகலைக் கேட்டார், "மோட்டார் போச்சு மேடம்" என்றார். மீட்டர் எடுக்கவில்லை, பின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. புது மோட்டார் 8,400, இப்போதே அட்வான்ஸ் கொடுத்தால் மூன்று நாளில் வரும் என்றார். அவ்வளவு பணம் இல்லை என்றதும், அப்படியானால் சர்வீஸாவது செய்துகொள்ளுங்கள் என்று முன்னால் இருக்கும் பஞ்சு வடிகட்டியை எடுத்து பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, வந்துபோகும் கூலி 499, சர்வீஸ் 850 என்று 1,349 வாங்கிக்கொண்டு போனார். அந்த வடிகட்டியை நான் தினமும் தேய்க்கிறேன் ஐயா என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் ஆண் இல்லை என்று தெரிந்தால் ஒரு தோரணை வந்துவிடுகிறது சிலருக்கு, அதற்கு முன்னால் நானும் ஏனோ கூசிப் போகிறேன். இப்போதெல்லாம் யார் வந்தாலும் ஒரே கேள்வி கேட்கிறேன்: எதை டெஸ்ட் பண்ணிப் பார்த்து இதைச் சொல்றீங்க? கோபமாக வேண்டாம், தெரிந்துகொள்வதற்காகக் கேட்பது மாதிரி கேட்டால் போதும். பார்த்தவர் விளக்குவார், பார்க்காதவர் பேச்சை மாற்றுவார்.

நிஜமான கம்பெனிக்கும் அடித்தேன். அந்த மாடல் நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது, பார்ட்ஸ் கிடைப்பது உறுதியில்லை, புதிது வாங்கினால் பழையதை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டாவது ஆள், கடையில் ஒருவர் சொல்லி வந்தவர். நல்ல மனிதர், பொய் சொல்கிற ரகம் இல்லை, ஆனால் அவர் கைத்தொழில் டிவி, வாஷிங் மெஷின் எலெக்ட்ரானிக் போர்டு. போர்டு தெரிந்தவருக்கு எல்லாம் போர்டுதான். ரிலே, அதாவது போர்டில் கரண்டைச் சேர்த்துத் துண்டிக்கும் ஸ்விட்ச், ஒழுங்காக ஒட்டவில்லை என்று சொல்லிப் போர்டைக் கழற்றிக்கொண்டு போனார், ஒன்பது நாள் கழித்துக் கொண்டுவந்து மாட்டினார், 2,200 வாங்கினார். போட்டால், 'ம்ம்ம்'. அவருக்கே முகம் விழுந்துவிட்டது. "ஓல்டேஜ் கம்மியா இருக்கும் மேடம், ஸ்டெபிலைசர் போட்டுப் பாருங்க" என்றார். போட்டேன். 3,600. அப்போதும் 'ம்ம்ம்'. அந்த ஸ்டெபிலைசர் இப்போது ஃப்ரிட்ஜுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

போர்டு போயிருந்த ஒன்பது நாளும் அதற்கு முன்பின்னும் பெட்ஷீட்டை எல்லாம் பையில் கட்டிக்கொண்டு கிலோ கணக்கில் துவைத்து உலர்த்தித் தரும் கடைக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். எல்லாம் சேர்த்து 4,300 ஆகியிருந்தது. பணத்தைவிட, மாமனாரின் துணி என்று சொன்னதும் அங்கிருந்த பையன் கையுறை மாட்டிக்கொண்டதுதான் மனதை என்னவோ செய்தது. அவன் மேல் தப்பில்லை. போர்டு திரும்பி வந்ததும் அதனால்தான் மறுபடி ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பழைய வித்தைக்கே திரும்பினேன்.

நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்று. காலையிலிருந்து மழை, கடை லீவு, கீழே தெருவில் கணுக்கால் தண்ணீர். ஈரத்துணி மூட்டை மூட்டையாக. மதியம் ட்ரம்மைச் சுற்றிவிட்டு ஓட ஆரம்பித்ததும் மாமனாருக்குக் கஞ்சி கொடுக்க இறங்கினேன். திரும்ப ஏறும்போதே படியில் வாசனை வந்தது. இரண்டு வாசனை, ஒன்று அயர்ன் பாக்ஸை மறந்து வைத்த துணி வாசனை, இன்னொன்று வார்னிஷ் கருகுவது மாதிரி மூக்கைக் குத்தும் வாசனை. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினால் பிளக்கே கையைச் சுட்டது. கதவைத் திறந்தால் மேலாக இருந்த பெட்ஷீட்டின் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்குப் பழுப்பு. மோட்டார் நின்றால் அதோடு சேர்ந்த ஃபேனும் நின்றுவிடும், ஹீட்டரின் சூடு போக வழியில்லாமல் துணி மேலேயே நிற்கும். ஹீட்டருக்கும் ஒரு பாதுகாப்பு உண்டுதான், அன்று அது சற்றுத் தாமதமாக விழித்துக்கொண்டது போலிருக்கிறது. உள்ளே பஞ்சு அடைந்த மெஷினில் இந்தச் சூடு தீயாகவே மாறியிருக்கலாம். கீழே எழுந்து நடக்க முடியாத மனிதர் ஒருவர் படுத்திருக்கிறார். ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. முனகும் டிரையரைக் கையால் தள்ளி ஓட்டுவதானால் பக்கத்தை விட்டு நகரக் கூடாது என்று எழுத நினைத்தேன், இல்லை, ஓட்டவே கூடாது.

மழை விட்டதும் எங்கள் தெருவிலேயே ஃபேன், மோட்டார் பார்க்கும் ஒரு பையனைக் கூப்பிட்டேன். இருபத்திரண்டு வயது இருக்கும். இவ்வளவு நாள் அவனைக் கூப்பிடாததற்குக் காரணம் அவன் ஃபேன்தானே பார்ப்பான் என்ற என் இளக்காரம். வந்ததும் அவன் மெஷினைத் தொடவில்லை, சுவரில் பிளக் பாயிண்டைத்தான் பார்த்தான். மீட்டரை வைத்தான், 212 வோல்ட். ஹீட்டர் போகும் அளவுக்கு லோடு கொடுத்து மறுபடி பார்த்தான், 186. கீழே மெயினில் அதே நேரம் 208. "அக்கா, வீட்டுக்குள்ளயே இருபது வோல்ட்டுக்கு மேல சாப்பிடுதுக்கா" என்றான். சாக்கெட்டைக் கழற்றினால் ஒரு முனை கருகி, பிளாஸ்டிக் உருகி ஓடியிருந்தது. அதற்குப் பின்னால் பெட்டிக்குள் இரண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட், அந்த டேப்பும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உப்புக்காற்று அடிக்கும் பக்கம், பித்தளை எல்லாம் பச்சை பூத்திருந்தது. மோட்டாரின் தள்ளும் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும், 230க்கு 186 என்றால் ஐந்தில் ஒரு பங்கு குறைவு மாதிரித் தெரியும், ஆனால் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஏற்கெனவே நொண்டும் மோட்டாருக்கு இது போதாதா. ஸ்டெபிலைசர் இதற்கு உதவாது, இருக்கிற லோடுக்கு மேல் இன்னும் கொஞ்சம் கரண்டை அந்தக் கருகிய ஜாயிண்ட் வழியாகவே இழுத்து இன்னும் சூடாக்கும். சாக்கெட், பிளக், புது ஒயர் எல்லாம் 350, அவன் கூலி 500. பிளக் சுடுகிறதா என்று ஓட்டத்துக்கு நடுவில் ஒருமுறை தொட்டுப் பார்த்திருந்தால் இதை ஒரு மாதம் முன்பே பிடித்திருக்கலாம்.

அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினின் பின் மூடியைக் கழற்றினான். உள்ளே பார்த்ததும் இருவரும் ஒரு நிமிடம் பேசவில்லை. ஒரு தலையணைக்குப் போதுமான பஞ்சு. அடுக்கடுக்காக, பெண்ணின் பள்ளிச் சீருடையின் நீலம், மாமனார் துண்டின் வெள்ளை, நடுவில் கறுப்பாக ஒரு வரி, எந்த வருடத்துப் புழுதியோ. மோட்டாரின் காற்றுத் துளைகள் மொத்தமும் அடைத்திருந்தன. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சின்னக் கப்பியில் தலைமுடி நூலாகச் சுற்றி, கப்பி சுழலாமல் பெல்ட்டே அதன் மேல் தேய்ந்துகொண்டிருந்தது. நான் தினமும் தேய்த்த வடிகட்டி முன்பக்கம், பஞ்சு சேர்ந்தது பின்பக்கம். வருடத்துக்கு ஒரு தடவை பின்னால் திறந்து சுத்தம் செய்ய வேண்டும் என்று பன்னிரண்டு வருடத்தில் எவரும் சொல்லவில்லை. வெளியேற்றும் குழாயும் அப்படியே, பாதி அடைப்பு.

கண்டன்சரைக் காட்டினான். சின்ன வெள்ளை டப்பா, மேலே 8 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட், அதன் கொள்ளளவு) என்றும் 450 வோல்ட் என்றும் அச்சு. அதைத் தொடும் முன் கைப்பிடியில் ரப்பர் போட்ட இரண்டு ஒயர் கொண்ட பல்பை அதன் முனைகளில் வைத்தான். கரண்டைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் கொஞ்சம் தங்கியிருக்கும், விரலை வைத்தால் தூக்கிப் போடும். இதைப் படித்துவிட்டு நீங்களே மூடியைக் கழற்ற நினைத்தால், இது தெரியாமல் கை வைக்காதீர்கள். ஒரு முனையைக் கழற்றி மீட்டரில் வைத்தான். 8 காட்ட வேண்டியது 3.1 காட்டியது. "இதுதாங்கா. வேற ஒண்ணும் இல்ல." பெல்ட்டை விலக்கிவிட்டு ட்ரம்மையும் மோட்டாரையும் தனித்தனியாகக் கையால் சுற்றிக் காட்டினான், இரண்டும் இலகுவாகச் சுற்றின. இறுகியிருந்தால் பேரிங்கோ, அச்சைத் தாங்கும் புஷ்ஷோ காரணமாக இருந்திருக்கும் என்றான். சத்தமே இல்லாமல் கிடந்தால் கதவு ஸ்விட்சையும் ஃபியூஸையும் பார்க்க வேண்டும், மோட்டார் ஓடும் சத்தம் கேட்டு ட்ரம் மட்டும் நின்றால் பெல்ட் அறுந்திருக்கும், முனகல் மட்டும் கேட்டால் முதலில் இந்த டப்பா. பத்து நிமிடத்தில் இவ்வளவும்.

எங்கள் பக்கத்துக் கடைகளில் ஃபேனுக்கான இரண்டரையும், தண்ணீர் மோட்டாருக்கான பெரிய சைஸும்தான் இருந்தன. ஒரு கடைக்காரர் பத்து போட்டுக்கோங்க, இன்னும் நல்லா இழுக்கும் என்றார். பையன் ஃபோனிலேயே வேண்டாம் என்றுவிட்டான், அளவு கூடினாலும் காயில் சூடாகும், அச்சடித்த எண்ணே வேண்டும், வோல்ட் மட்டும் அதே அளவோ கூடவோ இருக்கலாம். திங்கட்கிழமை கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தேன். பழைய டப்பாவைக் கையோடு கொண்டுபோனது நல்லதாயிற்று. மூன்றாவது கடையில் கவுண்டரில் இருந்தவர் அதைத் திருப்பிப் பார்த்து, "எட்டு எம்எஃப்டி, ரன்னிங்கா?" என்றார், ஆமாம் என்றேன் புரிந்த மாதிரி. 180 ரூபாய். கையில் வாங்கியபோது அது ஒரு தீப்பெட்டிக் கட்டைவிடக் கனமில்லை.

சாயங்காலம் பையன் மாட்டினான். பொத்தானை அழுத்தியதும் ட்ரம் தானாகச் சுற்றியது, நான் கை தட்டியேவிட்டேன். பத்து நிமிடம். அப்புறம் அந்த வார்னிஷ் வாசனை மெல்ல வந்தது, மோட்டார் நின்றது. பையன் மோட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "காயில் சுட்டுருச்சுக்கா" என்றான்.

மூலக்கொத்தளம் பக்கம் ஒரு வைண்டிங் கடை, கருகிய காயிலை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தரும் இடம். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் பெரியவர், மோட்டாரைத் திறந்து காயிலை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். செம்புக் கம்பி தேன் நிறத்தில் பளபளக்க வேண்டும், எங்களுடையது ஒரு பக்கம் முழுக்க அடிப்பிடித்த வெல்லப்பாகு மாதிரிக் கறுத்திருந்தது. "இன்னாமா, மோட்டார இப்டி வறுத்து எத்துனு வந்துகீற? எவ்ளோ நாளா மொனகிச்சு?" ஏழு வாரம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, "கொஞ்ச நாளாண்ணே" என்றேன். கையால் சுற்றிவிட்டு ஓட்டினேன் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார், திட்டவில்லை. யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான், மோட்டார் போச்சு என்று நவம்பர் முதல் வாரம் ஒருவர் பார்க்காமலே சொன்ன பொய்யை, அடுத்த மூன்று வாரத்தில் நானே நிஜமாக்கிக் கொடுத்திருக்கிறேன். அன்று அந்த மோட்டாரில் பெரிய கோளாறு இருந்திருக்காது. ரீவைண்டிங் 2,200, நான்கு நாள் ஆகும் என்றார். புது மோட்டாருக்கு இது கால் பங்குதான், ஆனால் எல்லாரிடமும் கொடுக்கக் கூடாது, கம்பி கனம் குறைந்தால் மறுபடி சுடும் என்று பையன் சொல்லியிருந்தான். பெரியவரிடம் தயங்கிக்கொண்டே கேட்டேன், பழைய கம்பியையும் புதுக் கம்பியையும் என் முன்னாலேயே அளவுகோலில் வைத்துக் காட்டினார். பெல்ட் 450, கப்பிக்கு புஷ் 150.

கணக்கு எழுதுகிறவள், அதனால் கணக்கும் போட்டு வைத்திருக்கிறேன். உண்மையாகத் தேவைப்பட்ட செலவு கண்டன்சர், வைண்டிங், பெல்ட், புஷ், சாக்கெட் வேலை எல்லாம் சேர்த்து 3,830. வீணாகப் போனது முதல் ஆளுக்கு 1,349, போர்டுக்கு 2,200, ஸ்டெபிலைசர் 3,600, வெளியே துணி உலர்த்த 4,300, ஆக 11,449. அக்டோபரிலேயே தெருப் பையனைக் கூப்பிட்டிருந்தால் வைண்டிங்கும் இல்லை, மொத்தம் 1,630 ரூபாயோடு முடிந்திருக்கும். வீட்டுக்காரரிடம் கணக்கை வாட்ஸப்பில் அனுப்பினேன், கப்பலிலிருந்து பதில் வந்தது: "பதினஞ்சாயிரமா? புதுசே வாங்கிருக்கலாமே." அந்தப் பதிலுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.

ஒன்று சொல்லத்தான் வேண்டும், பன்னிரண்டு வருட மெஷினுக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்பதில் அவர் சொல்வதும் முழுக்கத் தப்பில்லை. முதல் ஆள் கேட்ட 8,400ஐ நான் கொடுத்திருந்தால் அது தண்டம், கண்டன்சர் பழையதாகவே இருந்திருக்கும், சாக்கெட்டும் கருகியதாகவே இருந்திருக்கும், புது மோட்டாரும் கொஞ்ச நாளில் முனக ஆரம்பித்திருக்கும். நாலாயிரத்துக்குள் முடிகிறதா, பாடியில் துரு ஓட்டை விழவில்லையா, ட்ரம் ஆடாமல் இருக்கிறதா, அப்படியானால் ரிப்பேர் செய்யலாம் என்பது என் கணக்கு.

மெஷின் இப்போது நன்றாக ஓடுகிறது. துணி பாதிக்கு மேல் போடுவதில்லை, ஈரத்தை வாஷிங் மெஷினில் இன்னொரு தடவை பிழிந்துவிட்டுத்தான் போடுகிறேன், கனம் குறைந்தால் ஸ்டார்ட் ஆவதும் சுலபம், கரண்டும் மிச்சம். எழுநூறு ரூபாய்க்கு கண்டன்சர் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், மாடி வீட்டு அக்கா மிக்ஸிக்கும் அதைக் கேட்கிறார், மிக்ஸி மோட்டாரில் இது இருக்காது என்றால் நம்ப மாட்டேன் என்கிறார். ட்ரம்மின் பின்பக்க புஷ் தேய ஆரம்பித்திருக்கிறது, இன்னும் ஆறு மாதமோ ஒரு வருடமோ தாங்கும், 'கிரீச்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள் என்று பையன் சொல்லியிருக்கிறான். ஸ்டூலை இன்னும் அங்கிருந்து எடுக்கவில்லை. நேற்று ராத்திரி வரை கிரீச் வரவில்லை.